தங்கச்சியின் மெடிக்கல் புக்

மந்தாரக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன் நான். சனிக்கிழமை மதியம், எங்களிடம் துப்புரவு வேலை செய்யும் அக்கா இடது கட்டைவிரலை மடக்கிக்கொண்டே தரையைத் துடைத்தார். விசாரித்தேன். முந்தின நாள் காலை குப்பைப் பையை அழுத்திக் கட்டும்போது ஊசி குத்தியிருக்கிறது.

ஊசியை வெட்டும் கருவி பழுதென்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பதிலுக்கு, வெட்டாத ஊசிகளைச் சேர்க்க ஒரு கெட்டி டப்பா வைக்காதவளும் நான்தான்.

"அப்பவே ஏங்க்கா சொல்லல?"

"சோப்பு போட்டுக் கழுவிட்டேன். தங்கச்சி வூட்ல எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க. திங்கக்கெழம வந்ததும் மெடிக்கல் புக்க வாங்கிகினு போலாம்னு இருக்கேன்."

இங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு மெடிக்கல் புக் உண்டு. காட்டினால் சுரங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். தங்கச்சி வீட்டில் அந்த வேலை உண்டு; அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு புக்கில் இரண்டு குடும்பம் காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொள்வதை எங்கள் பக்கம் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சீட்டு ஒன்றை எடுத்தேன். குத்தியது: வெள்ளி காலை ஆறே முக்கால். இப்போது: சனி மதியம் ஒரு மணி. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திங்கள்கிழமை தங்கச்சி வீடு திறப்பதற்குள் கெடு முடிந்துவிடும்.

"புக் வேணாங்க்கா. ரத்தம் உங்களுது, ரிசல்ட் தங்கச்சி பேர்ல ஏறும். அப்புறம் திரும்ப டெஸ்ட்டுக்கு யாரு போவீங்க?"

"அய்யோ, அது தெரிஞ்சா அவ மாமியாக்காரி என்ன வாசப்படியே ஏத்தமாட்டா!"

"கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். இந்த மாத்திரைக்கு அங்க காசும் இல்ல, புக்கும் வேணாம்."

"உன் வேலய யாரு பாக்கறது?"

"சாம்பிள் எல்லாம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஓனர்கிட்ட சொல்லிக்கறேன். செருப்பு போடுங்க."

பஸ்ஸில் சீட்டை அக்காவிடம் கொடுத்தேன். அவசரப் பிரிவில் டாக்டர், எத்தனை மணிக்குக் குத்தியது என்று கேட்டதும் அக்கா சீட்டை நீட்டினார்.

"இந்தப் பொண்ணு எழுதி வச்சிருக்குது சார். போலீஸ் ஸ்டேஷன்லகூட இப்டி எழுதமாட்டாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். பெயரைக் கேட்டார்கள். அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தன் பெயரையும் அப்பா பெயரையும் வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்.

முதல் மாத்திரையை விழுங்கியது நாலே முக்காலுக்கு. முப்பத்துநான்கு மணி நேரம் போயிருந்தது. மொத்தம் இருபத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும். சீட்டின் பின்பக்கம் ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை எழுதி, ஒன்றை அடித்தேன்.

கீழே இன்னொரு வரி: டப்பா, இன்றே.