அனுமதி கிடைத்த வயலும் கிடைக்காத வயலும்

போன கிழமை சிவஞானத்தின் வயல் வரம்பில் நின்றேன். நெல் வட்டம் வட்டமாகக் காய்ந்து கிடந்தது... கொதிதண்ணீர் ஊற்றியது போல. வரம்புக்கு அந்தப் பக்கம் முத்தம்மாவின் வயல். அங்கே கதிர் தலை சாய்த்து நின்றது.

இரண்டுக்கும் ஒரே வாய்க்கால், ஒரே விதைநெல். பிறகு ஏன் இப்படி?

காரணம் நான்தான்.

கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பது வருடம் இருந்தவன் நான். கட்டுப்பாடு உள்ள இந்த நாட்களில் கிளிநொச்சியில் ஒரு போத்தல் பூச்சிமருந்து எடுப்பது லேசா? விண்ணப்பம், கிராமத்து விதானையாரின் கையொப்பம், காணி பெர்மிட்டின் பிரதி, சிபாரிசு — ஒன்று குறைந்தாலும் திரும்பி வரும். நான் எழுதிய கடிதம் திரும்பி வந்ததில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன் சிவஞானம் சைக்கிளில் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்.

"ஐயா, நெல்லின்ரை அடியிலை தத்தி தெரியுது. எங்கடை வருசச் சாப்பாடே இந்த வயல்தான். ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

"தத்திப் பூச்சி கனக்கவோ?"

"இப்ப கொஞ்சம்தான். கூடினாப் பிறகு எழுதினால், கடிதம் போய்ச் சேர நெல்லு இராது."

நியாயம். 'கடும் தாக்கம்' என்று எழுதினேன். 'கொஞ்சம்' என்று எழுதினால் எந்த அதிகாரி கையெழுத்து வைப்பார்?

அதே பின்னேரம் முத்தம்மாவும் வந்தார். மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். கையில் பெர்மிட் இல்லை. பெர்மிட் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்றேன்.

"பூச்சி மட்டும் பெர்மிட்டு கேக்காம வருதுங்களே ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து வந்தது. சிவஞானம் அடித்தார். தத்தி செத்தது. தத்தியைத் தின்கிற சிலந்தியும் செத்தது. தத்தியின் முட்டையோ தண்டுக்குள் பத்திரமாக இருந்தது. அது பொரித்தபோது தின்ன நெல் இருந்தது. தன்னைத் தின்ன ஒருவரும் இல்லை.

ஒரு கந்தோரில் காவலாளி முதல் கணக்காளர் வரை எல்லோரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவையும் திறந்து வைத்தால் என்ன நடக்கும்? அதேதான்.

முத்தம்மாவின் வயலிலும் தத்தி இருக்கிறது. குனிந்து பார்த்தேன் — தண்டுக்குத் தண்டு சிலந்தி, தண்ணீரில் தவளை, வரம்பில் கொக்கு. சிலந்தி தத்தியைத் தின்கிறது. தவளை இரண்டையும் தின்கிறது. கொக்கு தவளையைத் தின்கிறது. அங்கே நட்பு, பாசம் எதுவும் இல்லை. ஆனால் ஒருவரும் அளவுக்கு மிஞ்சிப் பெருகவும் இல்லை.

சிவஞானம் என்னைக் குறை சொல்லவில்லை. "உங்கடை கடிதத்திலை ஒரு பிழையும் இல்லை, ஐயா" என்றார். அதுதான் உறைத்தது.

"வெதநெல்லு நான் தாறேன் அண்ணே. சாப்பாட்டுக்கும் பாத்துக்கலாம்" என்றார் வரம்பில் வந்து நின்ற முத்தம்மா, அவரிடம்.

எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அடுத்த போகத்துக்கு அவருக்கும் ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"பெர்மிட்டுக்கு எழுதுங்க ஐயா. மருந்துக்கு எழுதிறாதீங்க."

நேற்று அந்த விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். சிலந்தி, தவளை, கொக்கு எல்லாவற்றையும் எங்கே எழுதுவது? 'காணியில் வசிப்போர்' என்ற இடத்தில் மூன்று வரிதான் விட்டிருக்கிறார்கள்.