கணக்கில் விழாத நல்லெண்ணெய்ப் பெட்டிகள்

1. கையால் எண்ணாத கணக்கு

மில்லிக்கன் என்ற இடத்தில் இருந்த அந்தக் களஞ்சியத்துக்கு நான் போனது றீடரைச் சோதிக்கத்தான். அங்கே பெட்டி அடைக்கும் சகாயராணியை முதல்நாள் கள்ளி என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளில் ஒட்டும் றேடியோ ஸ்ரிக்கரை வாசிக்கிற றீடர் என்ற கருவிகளைக் களஞ்சிய வாசல்களில் பூட்டுவதும், அவை குழப்படி செய்தால் போய்ப் பார்ப்பதும்தான். ஓய்வு பெறும்வரை ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் ஏணியும் வயருமாக இதைத்தான் செய்துகொண்டு திரிந்தேன். ஸ்ரிக்கருக்குள் மெல்லிய அன்ரெனாவும் கடுகிலும் சின்ன ஒரு சிப்பும் இருக்கும். பற்றரி கிடையாது. வாசலில் நிற்கும் றீடரின் அலை பட்டதும் அது தன் இலக்கத்தைச் சொல்லிவிடும். பலற் என்கிற மரத்தட்டு நிறையப் பெட்டிகளை அடுக்கி வாசலைத் தாண்டினால், ஒன்றையும் திறக்காமலே கொம்பியூற்றர் எண்ணிவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எங்களை ஒருவரும் நினைக்கமாட்டார்கள். அதில் எனக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை.

களஞ்சியத்தின் முதலாளி சிவபாதம் அண்ணை. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. நல்லெண்ணெய்த் தகர ரின்களை இறக்கி, தன் பெயர் போட்ட பெட்டிகளில் அடைத்துப் பெரிய கடைகளுக்கு அனுப்புவார். கொம்பியூற்றர் வேலை முழுவதும் அவருடைய மகள் நிரோஷாவின் பொறுப்பு. இந்த நாட்டிலேயே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி.

“அன்ரி, றீடர் ஓகே எண்டு ஜஸ்ட் கொன்ஃபேர்ம் பண்ணுங்கோ. ஒவ்வொரு லோட்டிலயும் பெட்டியள் மிஸ்ஸிங். எல்லாம் சகாயராணி அன்ரியின்ர மேசையில ப்ரின்ற் பண்ணின நம்பர்” என்று திரையைக் காட்டினாள். சிவப்பு எழுத்தில் வரிசை வரிசையாக ‘மிஸ்ஸிங்’ என்று கிடந்தது.

சிவபாதம் அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “மன்னார்ப் பிள்ளை. நல்ல பிள்ளை எண்டுதான் நினைச்சிருந்தன். நேற்று எல்லாருக்கும் முன்னால கேட்டன். எடுக்கேல்லை எண்டு ஒரு சொல்லு, அதுக்குப் பிறகு வாய் திறக்கேல்லை. போ எண்டிட்டன்.”

“பெட்டியளைக் கையால எண்ணிப் பாத்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“ஹான்ட் கவுன்ற் எடுக்காமல் இருக்கத்தானே அன்ரி இதைப் பூட்டினது?” என்றாள் நிரோஷா.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியே குடும்பம் நடத்துகிற ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் போயிருக்கின்றன. இவர்களோ ஒரு பெட்டியைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று கைறீடரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

2. ஊமை ஸ்ரிக்கர்

சகாயராணியின் மேசைக்குப் பக்கத்தில் பாதி அடுக்கிய பலற் ஒன்று அப்படியே நின்றது. கைறீடரைப் பெட்டிகளுக்குக் கிட்டப் பிடித்தேன். சத்தமே இல்லை. பக்கத்து மேசைப் பலற்றில் பிடித்தேன். கீச்சுக்கீச்சென்று எல்லாம் பதில் சொல்லின. றீடரில் பிழை இல்லை.

திரும்பி வந்து சகாயராணியின் பெட்டிகளைக் குனிந்து பார்த்தேன். ஸ்ரிக்கர் முன்பக்கத்தில் மேலே இருக்கவேண்டும். இவள் எல்லாவற்றையும் கீழே, அடி விளிம்போடு ஒட்டியிருந்தாள். கொஞ்சமும் கோணாமல், நீவி நீவி ஒட்டியிருந்தாள்.

எண்ணெய் ரின் மேலே ஒடுங்கிக் கழுத்தாகும். அதனால் பெட்டியின் மேல்பாகத்தில் காற்று நிற்க இடம் உண்டு. கீழ்ப்பாகத்தில் தகரம் மட்டையோடு முட்டிக்கொண்டிருக்கும். தகரத்தோடு முட்டிய சாதாரண ஸ்ரிக்கர் ஊமை. மேலே ஒட்டச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆனால் காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கே ஒட்டுவது என்பதை மட்டும் சொல்லியிருந்தார்கள்.

ஒன்றை உரித்து மேலே வைத்துப் பார்ப்போம் என்று பெட்டியை நிமிர்த்தினேன். கை நின்றுவிட்டது. பெட்டியின் மேல்பாகம் முழுக்கப் பிள்ளையார் படம். றீடரைப் பூட்டி நாங்கள் சோதனை செய்தபோது வந்தவை வெறும் மண்ணிறப் பெட்டிகள். அச்சடித்த பெட்டிகள் பிறகுதான் வந்திருக்கின்றன. பக்கத்துப் பலற்றைப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையாரின் முகத்திலும் ஒரு வெள்ளை ஸ்ரிக்கர்.

இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நிரோஷா “ஓ மை கோட்” என்றாள். சிவபாதம் அண்ணை கிட்டப் போய்ப் பார்த்தார். தானே அச்சடிப்பித்த படம், தன் கண்ணுக்கு முன்னால் இத்தனை லொறி ஏறிப் போயிருக்கிறது. அவர் கண்ணில் படவில்லை. போனை எடுத்துச் சகாயராணிக்கு அடித்தார். அவள் எடுக்கவில்லை.

“தங்கச்சி, நீரும் வாரும். நேர போவம்” என்றார்.

3. சென் ஜேம்ஸ் ரவுணில்

சகாயராணி குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, லிஃப்றுக்குக் காத்து நின்று ஒருவழியாக மேலே போனோம். இங்கிருந்து மில்லிக்கனுக்குச் சப்வேயும் பஸ்ஸுமாக இவள் எப்படி நாள்தோறும் நேரத்துக்கு வந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சகாயராணி கதவைத் திறந்தாள். அழுது வீங்கிய முகம். எங்களைக் கண்டதும் பயந்துவிட்டாள்.

“பொலிசுக்குச் சொல்லிப்போட்டீங்களோ அண்ணை?”

“ஐயோ, இல்லைப் பிள்ளை” என்றார் அவர். “ஸ்ரிக்கரை ஏன் கீழ ஒட்டினனீர்?”

“மேல சாமிப் படமெல்லோ. முகத்தில எப்பிடி அண்ணை ஒட்டுறது? எங்கட மாதாவின்ர முகத்தில ஒராள் ஒட்டினா எனக்கு எப்பிடி இருக்கும்? பெட்டியில எங்க இருந்தாலும் சரிதானே எண்டு நினைச்சன்.”

“அதை நேற்றே சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் களவைப் பற்றியெல்லோ கேட்டனீங்கள். ஸ்ரிக்கரைப் பற்றி ஆர் கேட்டது?”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். திருநீற்று நெற்றியைக் கையால் பொத்திக்கொண்டார். தன் சாமியும் அல்லாத ஒரு சாமிக்கு மரியாதை கொடுத்ததற்குத்தான் அவள் கள்ளிப் பட்டம் வாங்கியிருக்கிறாள்.

“நாளைக்கு வேலைக்கு வாரும் பிள்ளை” என்றார் கடைசியில்.

“வாறன் அண்ணை. ஆனா போ எண்டதை எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னனீங்கள். வா எண்டதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ.”

மறுநாள் காலை வேலை தொடங்க முதல் அவர் எல்லோரையும் லோடிங் வாசலில் கூப்பிட்டார். “சகாயராணி ஒண்டும் எடுக்கேல்லை. கடையளுக்கு அடிச்சுக் கேட்டன், பெட்டியெல்லாம் போய்ச் சேர்ந்திட்டுது. நான்தான் பாக்காமல் பேசினனான். என்னை மன்னிக்கோணும்” என்றார். சகாயராணி முந்தானைபோலத் தன் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி அண்ணை, லொறி வந்து நிக்குது” என்று மேசைக்குப் போனாள். அன்றிலிருந்து எல்லா ஸ்ரிக்கரும் பக்கவாட்டில், மேல் விளிம்போடு ஒட்டப்பட்டன. றீடருக்கு அதுவும் போதும்.

புறப்படுமுன் நான் நிரோஷாவிடம் ஒன்று கேட்டேன். திரையில் வரும் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நொட் ரெட்’, அதாவது வாசிக்கவில்லை என்று போடச் சொன்னேன்.

“என்ன டிஃபரன்ஸ் அன்ரி? ரெண்டும் வன் அன்ட் த சேம் தானே?”

“காணேல்லை எண்டு கண்டால் ஆர் எடுத்தது எண்டு தேடுவீர் பிள்ளை. வாசிக்கேல்லை எண்டு கண்டால் எழும்பிப் போய்ப் பெட்டியைப் பாப்பீர்.”

அவள் கதிரையை முன்னுக்கு இழுத்துவிட்டு, அந்தச் சொல்லை நான் நிற்கும்போதே மாற்றினாள். பிறகு எந்தக் களஞ்சியத்தில் றீடர் பூட்டினாலும் முதல் வேலையாக அந்தச் சொல்லைத்தான் பார்ப்பேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கருவிக்குத் தெரியாமல் போனதை இல்லாமல் போனதாக எழுதாதீர்கள். கருவிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மனுசி நிற்கிறாள்.