கிணற்றுச் சுவரில் இருந்த கோடு

வெள்ளம் புகுந்த வீடுகளைப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது முப்பது வருடம் என் வேலையாக இருந்தது. அதில் ஒரு அறிக்கையில், கண்ணால் பார்த்த ஒன்றை எழுதாமல் விட்டேன்.

கரமனை ஆறு கரை மீறிய ஒரு மழைக்காலம். ஆள் போதாமல், எங்கள் அக்ரஹாரத்துக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டையும் என்னிடமே கொடுத்தார்கள். தெரிந்தவர் வீடு என்று மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. கல்யாணங்களுக்கு முறுக்கும் லட்டும் செய்து கொடுத்துப் பிழைத்த விதவை அவர். வங்கிக் கடனில் வாங்கிய இரண்டு கிரைண்டர்கள், மாவு மெஷின், அரிசி உளுந்து மூட்டைகள், எல்லாவற்றுக்கும் பாலிசி இருந்தது.

நீர் வடிந்து நான்காம் நாள் போனேன். வீடு பளிச்சென்றிருந்தது. தரையைக் கழுவி, புரோகிதரை அழைத்துப் புண்யாகவாசனம் செய்து, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார். சுண்ணாம்பின் ஈரம்கூடக் காயவில்லை.

"மூட்டையெல்லாம் எங்கே மாமி?"

"தூக்கிப் போட்டாச்சு அண்ணா. மோட்டாரெல்லாம் கருகிப்போச்சு, ஆக்ரிக்காரன் பழைய இரும்போட எடுத்துண்டு போனான்."

"நான் பார்க்கற வரைக்கும் எதையும் தொடப்படாதுன்னு பாலிசியிலே போட்டிருக்கே."

"கக்கூஸ் வெள்ளமாக்கும் சுவாமி அலமாரி வரைக்கும் ஏறித்து! அதை வச்சுண்டு எப்படி அடுப்பு மூட்டறது? உங்காத்து மாமி வச்சுண்டிருப்பாளா, சொல்லுங்கோ." சிரித்தார். "காப்பி சாப்பிடுங்கோ. புது டம்ளராக்கும்."

குடித்தேன். பிறகு கொல்லைப்புறம் போனேன். கிணற்றின் வெளிச்சுவரில், என் இடுப்பு உயரத்தில், சேற்றுக் கோடு அழியாமல் இருந்தது. டேப்பை வைத்து ஒரு படம் எடுத்திருந்தால் போதும். போன் கையில்தான் இருந்தது.

முந்தின வாரம் ஆபீஸில் ஒரு இளைய அதிகாரி, "சாரே, சொந்தத் தெருக்காருடெ கிளெய்ம் எல்லாம் கண்ணடச்சு பாஸ் அல்லே?" என்று, சொந்தத் தெருக்காரர் கிளெய்ம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்தானே என்ற பொருளில், மலையாளத்தில் கேலி செய்திருந்தான். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

'வீட்டினுள் வெள்ளம் புகுந்த அடையாளம் இல்லை. சேதமான பொருள் எதுவும் காட்டப்படவில்லை' என்று எழுதினேன். இரண்டு வாக்கியமும் உண்மை. கிணறு வீட்டினுள் இல்லையே.

நிராகரித்த கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அதை என்னிடமே கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். "பொருளை வச்சிருக்கணும், அதான் காரணம்" என்றேன்.

"அப்போ தப்பு என் பேர்லதான்" என்று கடிதத்தை மடித்துக்கொண்டார்.

பட்சண வியாபாரம் அத்தோடு நின்றது. கிழக்கேகோட்டையில் ஒரு கேட்டரிங்காரரிடம் கூலிக்கு அடுப்படியில் நிற்கிறார். கடன் இன்னும் தீரவில்லை என்று கேள்வி.

போன வருடம் என் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. எதையும் கழுவக்கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நாற்றத்தில் ஐந்து நாள், அடுப்பு மூட்டாமல், இன்சூரன்ஸ் சர்வேயருக்காகக் காத்திருந்தோம். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் கேட்டாள்: "அன்னிக்கு அந்த மாமி, உங்காத்து மாமி இதை வச்சுண்டிருப்பாளான்னு கேட்டதா சொன்னேளே, அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னேள்?"

மூன்றாம் நாள் காலை அந்த மாமியே தூக்குப் பாத்திரத்தில் இட்லி கொண்டுவந்தார். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம். கூடத்துச் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.

"நன்னாப் படம் எடுத்து வச்சுக்கோங்கோ அண்ணா. என்னைப் போல அசடா அழிச்சுடாதேங்கோ."

சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் வந்திருக்காது. என் வாய் திறந்தது. "எடுத்தாச்சு மாமி" என்றேன். பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

என் கிளெய்ம் பாஸாகிவிட்டது.