ஒருவருக்கும் காட்டாத இடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று வீசுகிற காலத்தில், திருகோணமலை உள்துறைமுகப் பக்கத்தில் நான் வேலை செய்யும் சிறிய அலுவலகத்தில் நடந்தது இது. படகுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம் அது. அங்கே கணினிப் பகுதி என்றால் நான் ஒருத்திதான். யாருக்குக் கணக்குத் திறப்பது, யார் எதைப் பார்க்கலாம், யார் எவ்வளவு பாவிக்கலாம் என்றெல்லாம் ஒழுங்கு செய்து வைத்துவிட்டு, பிறகு நாள் முழுக்க, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் உத்தியோகம்.

அந்த வருடம் சங்கத்துப் படகுகளுக்குக் கையடக்கமான ஒரு கருவி பூட்டினோம். போன் எடுபடாத தூரத்துக்குப் போனாலும் அது செயற்கைக்கோள் வழியாகப் படகு நிற்கிற இடத்தை எங்கள் கணினிக்கு அனுப்பும். நாங்களும் படகுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பலாம். நல்ல விஷயம்தானே, எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். முதல் கூட்டத்திலேயே அந்த நினைப்பில் மண் விழுந்தது.

கடலுக்குப் போகிறவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், எங்கே மீன் பட்டது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டாலும் உண்மை வராது. ஒருவர் இன்று வடக்கே போனேன் என்று சொன்னால், அவர் வடக்கே போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். இவ்வளவு காலமும் பெண்சாதிக்கும் சொல்லாமல் வைத்திருந்த இடத்தை ஒரு கணினி வெளிச்சம் போட்டுக் காட்டினால் யார் விடுவார்கள்? ஒரு படகின் இடத்தை அதன் சொந்தக்காரர் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். தலைவர் பார்க்கக் கூடாது. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற எழுதுவினைஞர் பார்க்கவே கூடாது, அவருடைய மச்சானுக்குப் படகு இருக்கிறது. கடைசியில் நானும் பார்க்கக் கூடாது என்று முடிந்தது.

கணினியைப் பராமரிக்கிறவள் நினைத்தால் எந்த அனுமதியையும் தனக்குக் கொடுத்துக்கொள்ளலாம், அதை முழுதாகத் தடுக்க ஏலாது என்று விளக்கினேன். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். சொந்தக்காரரைத் தவிர வேறு யாராவது ஒரு படகின் இடத்தைத் திறந்தால், அந்த நிமிடமே சங்கத்திலுள்ள எல்லாருடைய போனுக்கும் செய்தி போக வேண்டும். சரி என்று அப்படியே அமைத்துக் கொடுத்தேன். திறக்க மாட்டேன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று வாக்கும் கொடுத்தேன். என்னைக் கள்ளியாக்கிவிட்டார்களே என்று உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனாலும் வேலையைத் துப்புரவாகச் செய்தேன் என்ற பெருமையும் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் அதிகம் சத்தம் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் நிலாவெளிக்காரர், தன் படகைத் தானே கொண்டுபோகிறவர். மற்றவர் கிண்ணியாக்காரர், அவருடைய படகை மகன் ஓட்டுகிறான். வலை அறுந்த ஏதோ பழைய பிரச்சினையில் இருவருக்கும் கதை பேச்சு இல்லை. நான் பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் அன்று ஒற்றுமையாக நின்றார்கள்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எங்கள் பக்கம் தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரக் கடல் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் எஞ்சின் நின்றுபோன படகைக் காற்று வெளியே வெளியே தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான், ஒரு நாள் காலை நிலாவெளிக்காரருடைய மனைவி பஸ்ஸில் வந்து இறங்கி அலுவலக வாசலில் நின்றபோது, அவர் வாய் திறக்க முன்பே படகு விஷயம்தான் என்று நான் எழும்பிவிட்டேன்.

முதல் நாள் பின்னேரம் போன படகு விடியவே வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிலாவெளிக்காரரோடு கூடப் போனது அவருடைய தம்பியும் இன்னொரு வேலையாளும். மனைவி கரையில் விசாரித்துப் பார்த்திருக்கிறார், ஒருவரும் காணவில்லை. எப்படிக் காண்பார்கள்? மற்றவர்கள் போகாத இடமாகப் பார்த்துப் போகிற மனுசன் அவர். கடற்படைக்கு அறிவித்தாயிற்று, அவர்கள் எந்தப் பக்கம் தேடுவது என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கருவி படகில் இருக்கிறது. அவருடைய கணக்குக்குள் போனால் இடம் தெரியும். மனைவிக்குப் பாஸ்வேர்ட் தெரியாது. மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கான இலக்கம் அவருடைய போனுக்குத்தான் போகும். அந்தப் போன் அவருடைய சட்டைப்பையில், நடுக்கடலில். நான் ஓட்டை ஒடிசல் இல்லாமல் கட்டிய பாதுகாப்பு எங்களையே வெளியில் நிறுத்திவிட்டது.

மிஞ்சியது ஒரே வழி. நான் எனக்கே அனுமதி கொடுத்துத் திறக்க வேண்டும். திறந்தால் எல்லாருக்கும் செய்தி போகும். அவர் வலை நிறைய மீன் பட்டதால்தான் சுணங்கி நிற்கிறார் என்றால், என் வாக்கும் போய், சங்கத்தின் நம்பிக்கையும் போய்விடும். எல்லாரும் கருவியைக் கழற்றிக் கடலில் எறிவார்கள். அடுத்த முறை உண்மையாகவே ஒரு படகு தொலைந்தால் தேட ஒன்றும் இருக்காது. தலைவருக்குப் போன் எடுத்தேன். யோசித்துச் செய்யுங்கோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பொறுப்பு அழகாக என் தலையில் வந்து விழுந்தது.

அந்தப் பெண்ணிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். திறந்தால் அவருடைய இடம் எனக்குத் தெரியவரும், நான் திறந்தது எல்லாருக்கும் தெரியவரும், அவர் திரும்பி வந்து சங்கத்தையே இரண்டாக்குவார் என்றேன். அவர் அழவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"வந்து ஏசட்டும் மிஸ். அவர் வந்து ஏசினால் போதும்."

திறந்தேன். என்னுடைய போனும் எழுதுவினைஞருடைய போனும் ஒரே நேரத்தில் கிணுங்கின.

திரையில் ஓரிடத்தில் புள்ளிகள் குவிந்து கிடந்தன. வலை போட்ட இடங்களைக் குறித்து வைக்க இரவு முழுக்கக் கருவியின் பொத்தானை அமத்தி இடத்தை அனுப்பியிருக்கிறார். செயற்கைக்கோள் பாவனையில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நான் எல்லை போட்டிருந்தேன். அந்த அளவு விடிவதற்குள் முடிந்துபோய், அதற்குப் பிறகு கருவி வாய் திறக்கவில்லை. அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்தப் படகுக்கு மாற்றி எல்லையைத் தூக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் புதிய புள்ளி ஒன்று விழுந்தது. குவியலுக்கு வடகிழக்கே, மிகவும் தள்ளி. அடுத்தது இன்னும் தள்ளி. மீன் பிடிக்கிற படகு அப்படிப் போகாது, எஞ்சின் நின்ற படகைக் காற்று கொண்டுபோகிறது. கடற்படைக்கு இடத்தைச் சொன்னேன். வருகிறோம், ஆனால் தூரம் கூட, நேரமெடுக்கும் என்றார்கள்.

அதற்குள் அழைப்புகள் தொடங்கின. முதலில் பேசியவர் யாரைக் கேட்டுத் திறந்தனீங்கள் என்று பாய்ந்தார். விஷயத்தைச் சொன்னேன்.   உடனே குரல் தணிந்து, தன்னுடைய படகும் கடலில்தான் நிற்கிறது, அதையும் திறந்து பாருங்கள், கிட்ட நின்றால் அனுப்பலாம் என்றார்.  கூட்டத்தில் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்று என்னை நம்ப ஏலாது என்று சொன்ன மனிதர் அவர்.

அவருடைய படகு எதிர்ப்பக்கம் நின்றது. அது திறந்த செய்தியும் எல்லாருக்கும் போனது. அதைப் பார்த்து அடுத்தவர் எடுத்தார், பிறகு இன்னொருவர். பாதிப் பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். நான் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, அறைக்குள் நின்றவர்களின் போன்கள் எல்லாம் ஒன்றாகக் கிணுங்கின. சந்தேகத்தில் வைக்கச் சொன்ன மணி அன்று ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கிண்ணியாக்காரர் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். அவர் வந்தது சண்டைக்கு என்பது முகத்தில் தெரிந்தது. மூலையில் நின்ற அந்தப் பெண்ணைக் கண்டார், திரையைப் பார்த்தார். புள்ளிகள் குவிந்து கிடந்த இடத்தில் அவருடைய கண் நின்றது. தன்னோடு கதைக்காத மனிதர் இவ்வளவு காலமும் எங்கே போய் மீன் ஏற்றி வந்தார் என்பது அங்கே பச்சையாகத் தெரிந்தது. மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். கிண்ணியாக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, என்ட போட்டையும் திறங்க. மகன் அந்தப் பக்கம்தான் நிப்பான்."

திறந்தேன். எல்லாவற்றையும் விடக் கிட்ட நின்றது அந்தப் படகுதான். வலை தண்ணீரில் கிடக்கும், இழுத்து ஏற்ற நேரம் போகும் என்று யாரோ சொன்னார்கள். வலையை விட்டுவிட்டுப் போகச் சொல்லி எழுதுங்கள் என்றார் அவர். அப்படியே இடத்தையும் எழுதி மகனுடைய கருவிக்கு அனுப்பினேன்.

சங்கத்தில் கடலுக்குப் போயிருந்த படகுகள் எல்லாம் அப்போது என் திரையில் நின்றன. யாருடைய இரகசியமும் மிஞ்சவில்லை. ஆனால் ஒருவரும் அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கவில்லை, இரண்டே இரண்டு புள்ளிகளைத்தான் பார்த்தார்கள். ஒன்று தள்ளித் தள்ளிப் போனது, மற்றது துரத்திப் போனது. எழுதுவினைஞர் வாங்கி வந்த பிளேன்ரீ கைபடாமல் ஆறியது. மத்தியானம் கழிந்து ஒரு நேரத்தில் இரண்டு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. கொஞ்ச நேரம் அசையவில்லை.  பிறகு இரண்டும் சேர்ந்து கரைப்பக்கம் திரும்பின. அதுவரை நின்றுகொண்டே இருந்த அந்தப் பெண் அப்போதுதான் கதிரையில் இருந்தார். இருந்த பிறகுதான் அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

பொழுதுபடுகிற நேரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் முடிந்து, வெயிலில் கறுத்து, மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். எல்லாப் படகும் கரை சேர்ந்ததும் நான் எனக்குக் கொடுத்த அனுமதிகளை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சில நாட்களில் நிலாவெளிக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது, என்னுடையதை மூடிப்போட்டீங்களா என்று மட்டும்தான். ஓம் என்றேன். யார் யார் பார்த்தது என்றார். எல்லாரும்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனார். அந்த இடம் இனி அவருக்கு இல்லை, நான்தான் கெடுத்தேன் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

சோளகம் முடிகிற நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றுவதற்கு மறுபடி வந்தார். வேலை முடிந்தும் போகாமல் இருந்தார். எப்படித் தொழில் என்று கேட்டேன்.

"அந்த இடத்துக்கு ஒருத்தரும் வரேல்லை மிஸ்," என்றார். "அவன்ட மகன்ட போட்டும் அதைச் சுத்திக்கொண்டுதான் போகுது."

இருவரும் இன்றைக்கும் கூட்டத்தில் எதிர் எதிர்ப் பக்கம்தான் இருக்கிறார்கள். யார் எதைப் பார்க்கலாம் என்று நானும் இன்றைக்கும் கணினியில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் தெரிந்த பிறகும் அங்கே போகாமல் விட்ட அந்த மனிதர்களை நினைக்கிற போதெல்லாம், இவர்களையா நான் இவ்வளவு காலமும் வெறும் சந்தேகக்காரர்கள் என்று நினைத்தேன் என்று எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருக்கிறது.