டெஸ்பாட்ச் அறையில் ஒரு லினக்ஸ்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பில் அடிப்பதுதான் என் வேலை. கம்ப்யூட்டர் விஷயத்தில் நானாகக் கற்றுக்கொண்டதை நம்பி, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அறைக் கம்ப்யூட்டரில் மட்டும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுப் பார்க்கச் சொன்னார் முதலாளி. ஒழுங்காக ஓடினால் மில்லின் எல்லாக் கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பு. பில் அடிக்க வேறு ஆள். மேனேஜருக்கு அது தொண்டையில் முள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவளுக்கு இதெல்லாம் அதிகம் என்று அவர் நினைப்பு.

ஆயுத பூஜை முடிந்து மில் திறந்த அன்று, நூல் மூட்டை ஏற்றிய லாரி வாசலில் நிற்க, நெட்வொர்க்கில் பில் போகவில்லை. வருவதெல்லாம் வந்தது, அனுப்புவதுதான் திணறியது. கமாண்ட் அடித்துப் பார்த்தால் அனுப்பும் பக்கத்தில் எரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. வயரை மாற்றினேன். வயர்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில் வேறு இடத்தில் சொருகினேன். நெட்வொர்க் கார்டை ஓட்டும் டிரைவர் புரோகிராமை மறுபடி ஏற்றினேன். அப்போதும் எரர் ஏறியது.

கடைசியில் வயரைப் பிடுங்கி, நெட்வொர்க் கார்டின் வாய்க்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். உள்ளே கம்பிகளின் மேல் காய்ந்த சந்தனம். பூஜையன்று மேனேஜர் எல்லா வயரையும் கழற்றித் துடைத்து, முனை முனையாகப் பொட்டு வைத்துத் திரும்பச் சொருகினார். நல்ல பக்தி என்று நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

“சார், கார்டுக்குள்ள சந்தனம் போயிருக்கு. செத்த நேரம் குடுங்க, சுத்தம் பண்ணிருதேன்” என்றேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! சாமிக்கு வச்ச சந்தனத்தக் குறை சொல்ல எம்புட்டுத் தைரியம் உனக்கு?” என்றார் மேனேஜர். சொன்ன கையோடு முதலாளி அறைக்கும் போய்வந்தார்.

என்னைத் தொடவிடவில்லை. வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் விண்டோஸ் போட்டார். போகிற போக்கில் கார்டையும் மாற்றினார். பில் போனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், பெயர் விண்டோஸுக்கு. கழற்றிய கார்டையாவது காட்டலாமென்று தேடினேன். குப்பையோடு போயிருந்தது.

முதலாளி வந்து நின்றார். “பாத்தியாம்மா, லினக்ஸ எடுத்ததும் எப்படி ஓடுதுன்னு?”

மேனேஜர் என் முகத்தையே பார்த்தார். அன்றைக்குப் போல யார்மேலும் எனக்கு வெறுப்பு வந்ததில்லை. வாயைத் திறந்தால் பில் அடிக்கிற வேலையும் போகும்.

“ஆமா சார், நல்லா ஓடுது” என்றேன்.

“சரி, அடுத்த பில்ல அடி” என்றார் மேனேஜர். அடித்தேன்.