கழுவிய சுவர்

என் எழுத்தைப் படிப்பது சிரமம் என்று எனக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு நின்றவன். சுவரில் அளவு குறிக்கிற தட்டைப் பென்சிலால்தான் இதை எழுதுகிறேன். அதனால் கோடு தடித்து, எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். எந்த ர, எந்த ற என்று மனைவியைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். அவள் அலுத்துப்போன இடங்களில் நானே ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

துளை போடுவதற்கு முன்னால் நான் ஏன் ஈரத்துணியால் சுவரைத் துடைக்கிறேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதற்குப் பதில்தான் இது.

நான் இருப்பது சாம்பியன் ரீப்ஸில், மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊர். காலை ரயிலில் பெங்களூர் போய், அடுக்குமாடி வீடுகளில் திரைச்சீலைக் கம்பி, அலமாரி, குளியலறைக் கண்ணாடி எல்லாம் பொருத்துவது என் வேலை. தோளில் ஒரு பை, அதற்குள் பேட்டரியில் ஓடும் டிரில். அதை வாங்கிய பிறகு எனக்குப் பெரிய நிம்மதி. போகிற வீட்டில் பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்க வேண்டாம். ஒயரை இழுத்துக்கொண்டு அவர்கள் சோபாவைச் சுற்ற வேண்டாம். பேசாமல் போய், பேசாமல் முடித்து, பேசாமல் திரும்பிவிடலாம்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் பழைய ஆணி ஓட்டை இருந்தால் அதில் மறுபடி ஆணி அடிக்க மாட்டோம். ஒரு சாண் தள்ளிப் புதிதாக அடிப்போம். சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு ஏறி வந்த வழக்கம் இது. கீழே பாறையைத் துளைத்து வெடி வைத்த பிறகு, சில ஓட்டைகளின் அடியில் வெடிக்காத மருந்து தங்கியிருக்கும். தெரியாமல் அதே ஓட்டையில் டிரில்லை வைத்தவன் உயிரோடு மேலே வரமாட்டான். அதனால் கீழே வேலை செய்தவர்கள் யாரும் பழைய ஓட்டையைத் தொடமாட்டார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் வீடுகளில் சாமி படமும் காலண்டரும் இடம் மாறி மாறித்தான் தொங்குகின்றன. சுவரைப் பார்த்தால் அம்மை வார்த்த முகம் மாதிரி இருக்கும்.

அந்த வழக்கம்தான் என்னை ஒரு நாள் கீழே தள்ளியது.

பெங்களூரில் ஒரு வீட்டுச் சமையலறையில் சின்ன அலமாரி மாட்ட வேண்டும். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன இரண்டு ஓட்டைகள் சுவரில் இருந்தன. "அதிலேயே போட்டுடுங்க" என்றார் வீட்டு அம்மா. தலையை ஆட்டினேன். ஆனால் கை கேட்கவில்லை. ஒரு சாண் வலது பக்கம் தள்ளிக் குறி வைத்தேன். அந்தக் குறிக்கு நேர் கீழே சுவிட்சுப் பெட்டி இருந்தது. சுவிட்சுக்கு நேர் மேலே சுவருக்குள் ஒயர் போகும் என்பது இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது. அன்று என் கண்ணுக்குப் பழைய ஓட்டை மட்டும்தான் தெரிந்தது.

பாதி விரல் ஆழம் போயிருக்கும். பட்டென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. டிரில்லின் வாய்ப்பக்கத்து இரும்பை இடது கையால் பிடித்திருந்தேன். பிடிக்கவே கூடாத இடம். ஸ்டூலிலிருந்து பின்பக்கமாக விழுந்தேன். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு டிரில்லைக் கையில் எடுத்தால் சுட்டுவிரல் மடங்க மறுத்தது. விசை மேல் விரலை வைப்பேன், அழுத்த வராது. உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் ஒரு மாதமாயிற்று. ராபர்ட்சன்பேட்டைத் துணிக்கடையில் மனைவிக்கு வேலை இருந்ததால் வீடு ஓடியது. பையை ஜன்னல் ஓரத்தில் வைத்தவன் திரும்பத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். எழுபது வயதுக்கு மேல். சுரங்கத்தில் பாறை துளைக்கிற டிரில்லராக இருந்து, அந்தத் தூசியால் மூச்சில் விசில் சத்தத்தோடு மேலே வந்தவர். ஒரு வியாழக்கிழமை காலை அவர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

"தம்பி, சனிக்கிழம அவர இட்னு வர்றேன். பாத்ரூம்ல புடிச்சிக்கக் கம்பி இருக்கணும்னு டாக்டரு கண்டிப்பா சொல்லிட்டாரு. கம்பி வாங்கியாந்துட்டேன். நீ மாட்டிக் குடுத்துரு."

"வேற யாராச்சும் ஆளு..." என்றேன்.

"வேற ஆளு மாட்டி, அது புடுங்கினு வந்தா? இன்னொரு தபா வுழுந்தா அவரு எழுந்துக்க மாட்டாரு தம்பி."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "மாட்டுவாரு அக்கா. சும்மாதான குந்தினு கீறாரு."

அக்கா போன பிறகு, "நீ இன்னாத்துக்குச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னுதான்" என்றாள்.

பையைத் திறந்தேன். ஒரு மாதம் ஜன்னல் வெயிலில் கிடந்து பேட்டரி சூடேறியிருந்தது. வெயிலில் வைக்கவே கூடாது. சூடாக இருக்கும்போது சார்ஜ் போடவும் கூடாது. நிழலில் வைத்து ஆறவிட்டேன். பேட்டரியோடு ஸ்குரூக்களும் ஆணிகளும் கலந்து கிடந்தன. அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஆணி சேர்த்துத் தொட்டால் போதும், பை பற்றிக்கொள்ளும். ஸ்குரூக்களை ஒரு டப்பாவிலும் பேட்டரியைத் தனித் துணியிலும் வைத்தேன். மோட்டாருக்குக் காற்றுப் போகும் துவாரங்களில் பெங்களூர்ச் சுவர்களின் வெள்ளைத் தூசி அடைத்திருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். கடைசியாக மாட்டிய துளைக்கிற பிட் இன்னும் வாயிலேயே இருந்தது, நுனி கருகி. பேட்டரியைக் கழற்றி வைத்த நிலையிலேயே அதை உருவிப் போட்டுவிட்டுப் புது பிட்டை இறுக்கினேன். பேட்டரி இல்லாத டிரில் பொம்மைதானே. அப்போது விசையை அழுத்திப் பார்த்தேன். விரல் மடங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் போவதற்குள் அக்கா ஒரு வேலை செய்துவிட்டிருந்தார். அழுக்குச் சுவரை நான் பார்த்துவிடக் கூடாதென்று, குளியலறைச் சுவர் முழுவதையும் நார் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "காயணும் அக்கா" என்று மட்டும் சொல்லி, தரையைத் துடைக்கச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. ஒரு மணி நேரம் தப்பித்தேன்.

திரும்பப் போய்ப் பார்த்தபோது சுவர் ஏறக்குறைய காய்ந்திருந்தது. இரண்டு பட்டை மட்டும் காயவில்லை. விளக்கு சுவிட்சிலிருந்து ஒரு பட்டை மேலே ஏறியது. இன்னொன்று குழாயிலிருந்து சுவரின் குறுக்கே, கம்பி வரவேண்டிய இடத்தின் ஊடாகவே போயிற்று. ஒயரும் பைப்பும் பதிக்கச் சுவரை வெட்டி, பிறகு சிமெண்ட் வைத்து அடைத்த தடம். பழைய சுண்ணாம்புப் பூச்சு காய்ந்துவிட்டது, புது சிமெண்ட் இன்னும் கருத்திருந்தது. சுவருக்குள் இருந்தது அத்தனையும் வெளியே தெரிந்தது.

ஓடிப்போய்ப் பென்சிலை எடுத்துக் காய்வதற்குள் இரண்டு பட்டைகளுக்கும் ஓரம் வரைந்தேன். கம்பியின் இடத்தைப் பட்டைக்குக் கீழே நாலு விரல் இறக்கினேன். பிறகு மெயினை அணைத்தேன். இந்த டிரில்லை வாங்கி ஒன்றரை வருஷம். கரண்ட் இல்லாத வீட்டிலும் இது ஓடும், அதனால் மெயினை அணைத்துவிட்டே வேலை செய்யலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மனைவி பார்க்க வந்திருந்தாள். என் கழுத்துத் துண்டை உருவி, "டிரில்லுல சுத்திக்கும்" என்றாள். தூள் தெறிக்காமலிருக்கக் கண்ணுக்குக் கண்ணாடியை நானே மாட்டிக்கொண்டேன். இரண்டு கையும் பிளாஸ்டிக் பிடியில். விசையில் விரலை வைத்தேன். பழையபடி விரல் நின்றது. பென்சில் கோட்டைப் பார்த்தேன். ஒயர் அங்கே, பைப் அங்கே, நான் இங்கே. அழுத்தினேன். சிவப்புச் செங்கல் தூள் கொட்டியது.

ஆறு துளைகள். ஒவ்வொன்றிலும் தூளை ஊதி எடுத்து, நைலான் பிளக் தட்டி, ஸ்குரூவின் கடைசிச் சுற்றைக் கையால் முறுக்கினேன். முடித்ததும் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.

"நீங்க தொங்கி இன்னா தெரியும், பல்லி மாதிரி கீறீங்க. தள்ளுங்க" என்று மனைவி தன் முழு எடையையும் போட்டு இழுத்தாள். கம்பி அசையவில்லை.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். நடைவண்டியோடு குளியலறைக்குள் போய், கம்பியைப் பிடித்து, மெல்ல உட்கார்ந்து, மெல்ல எழுந்தார்.

"ஆடல" என்றார். பென்சில் கோடுகளைப் பார்த்து, "இது எப்டி கண்டுபுடிச்ச?" என்று கேட்டார்.

"அக்கா செவுரு கழுவினாங்க. ஈரத்துல தெரிஞ்சிது."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "கீழ நாங்க மட்டும் இன்னா பண்ணோம்? மொதல்ல தண்ணி அடிச்சிப் பாறையக் கழுவுவோம். பழைய ஓட்ட ஒவ்வொண்ணும் எங்க கீதுன்னு பாத்துட்டுதான் புதுசு போடுவோம். நீங்கல்லாம் தள்ளிப் போடறத மட்டும் வூட்டுக்கு எடுத்தாந்துட்டீங்க. கழுவறதக் கீழயே வுட்டுட்டீங்க."

"நல்லா பேசு" என்றார் அக்கா. "பாத்ரூம கழுவுன்னு எத்தினி வருசமா சொல்றேன், நீ ஒரு நாளு கழுவியிருப்பியா? அந்தப் பாசியிலதான் வழுக்கிச்சி."

திங்கட்கிழமை காலை ரயிலில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பையில் டிரில், தனியாகப் பேட்டரி, ஒரு ஈரத்துணி.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாதம் ஒரு முறை போய் அந்த ஆறு ஸ்குரூக்களையும் பார்த்துவிட்டு வருகிறேன். இன்று காலையும் போனேன். அண்ணன் நடைவண்டியை விட்டுவிட்டார், கைத்தடி மட்டும்தான். ஸ்குரூ எதையும் முறுக்க வேண்டியிருக்கவில்லை. கம்பியில் அவர் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதி முடித்தேன்.

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.