அப்பாவுக்கு ஒரு கிண்ணம் சூப்

முழங்கைகள் இரண்டையும் விலாவோடு சேர்த்து, கோழி செட்டை அடிப்பதுபோல இரண்டு தரம் அடிப்பார். ரொறன்ரோ ஸ்படைனா வீதியிலிருந்த அந்தச் சின்ன வியட்நாம் நூடில்ஸ் கடைக் கதவைத் திறந்ததும் நாங்கள் முதலில் காண்பது அதைத்தான். எங்களுக்கு அது வரவேற்பு, அவருக்கு அது ஓடர் எடுப்பது. கடைக்கார அக்கா என்றுதான் அவரை எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பெயரைக் கேட்டு வைக்க ஐந்து பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் செட்டை அடிப்புக்குக் காரணம் எங்கள் அண்ணை. கூடப் பிறந்தவர் இல்லை, ஓர் அறையில் ஐந்து பேராக ஒண்டிக்கிடந்த எங்களில் அவர்தான் மூத்தவர். எண்பத்தாறாம் ஆண்டு மாரியில், குளிருக்கு ஒதுங்க இடம் தேடி முதல்முறை அந்தக் கடைக்குள் நுழைந்தபோது, உள்ளே பெரிய பானையில் மாட்டெலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணைக்கு ஆங்கிலமும் வரவில்லை, பதற்றமும் அடங்கவில்லை. இரண்டு சுட்டுவிரல்களையும் தலையில் கொம்பாக வைத்துக் காட்டி, "நோ, நோ" என்று கும்பிட்டார். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அக்கா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் செட்டை அடித்துக் காட்டினார். நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். அன்று வேறொரு பானையிலிருந்து வந்த கோழிச் சூப்பில் கறுவா மணத்தது. வெள்ளை நூடில்ஸுக்கு மேலே வெங்காயத்தாள், பக்கத்தில் பிழிந்துவிட ஒரு துண்டுத் தேசிக்காய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அங்கேதான். அண்ணை கமராச் சுருள் வரும் சின்ன டப்பியில் எங்கள் ஊர் மிளகாய்த்தூளை நிரப்பிக் கோட்டுப் பையில் வைத்திருப்பார். ஒருநாள் அக்கா அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, கண்ணில் நீர் வர இருமினார். அடுத்த கிழமை தன் சூப்போடு வந்து அந்த டப்பிக்குக் கை நீட்டினார்.

மறு ஆண்டு பங்குனியில் சித்தப்பாவின் கடிதம் வந்தது. அப்பா போய்ப் பதினொரு நாட்கள் ஆகிவிட்டன. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. மூத்த மகன் நான் இருக்க, சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்திருந்தான். அகதிக் கோரிக்கை முடிவாகாத நிலையில் நான் போனால் திரும்பி வர முடியாது. ஒரு மகனாக நான் செய்ய மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். முப்பத்தோராம் நாள் வரைக்கும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாமல் இருப்பது. அதையாவது பிழையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறியோடு இருந்தேன். ஆனால் எங்கள் அறையிலிருந்தவை இரண்டே சட்டிகள். இரண்டிலும் மீனும் கோழியும் ஊறிப்போயிருந்தன. நான் பாண் துண்டுகளும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை விடவில்லை. "எத்தினை நாளைக்கு உந்த ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறாய்? வெறுந் தேத்தண்ணி எண்டாலும் குடிச்சிட்டு வருவம், எழும்படா" என்று இழுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்ததும் அக்கா செட்டை அடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கிட்ட வந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: அப்பா இறந்துவிட்டார், இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, முப்பத்தொரு நாள். அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். நூடில்ஸ், காளான், கரட், சோயாக் கட்டி. பார்வைக்கு முழுக்க மரக்கறிதான். ஆனால் அந்தக் கடையில் மேசைக்கு மேசை மீன்சாறுப் போத்தல் இருந்தது. அதில்லாமல் அவர்களுக்குச் சமையல் இல்லை என்று ஒரு வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியும். நான் கிண்ணத்தை மணந்து பார்த்தேன். பிறகு மெல்லத் தள்ளி வைத்தேன்.

பசியோடு வந்தவனுக்காகச் சமைத்துக் கொண்டுவந்த ஒருவர் முன்னால் அப்படிச் செய்தேன். வேறு யாராவது என்றால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பிச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். பெரிய பானைகளிலிருந்து விலகி, ஒரு மூலையில் தனி அடுப்பில் சின்ன அலுமினியப் பானை ஒன்று இருந்தது. அதற்கென்று தனி அகப்பை, தனிக் கத்தி. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் தான் மச்சம் தொடுவதில்லை என்றும், அந்தப் பானைக்குள் எதுவும் கலந்ததில்லை என்றும் விரல்களாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் சொன்னார். மேலே சுவரில் அடித்த ஒரு தட்டில் நாலைந்து படங்கள். முன்னால் ஊதுபத்தி, பழம், ஒரு கிண்ணம் சூப். படங்களைக் காட்டிவிட்டுக் கையை அலையலையாக அசைத்தார். கடல் என்று புரிந்தது, படகில் தப்பி வரும்போது அதோடு போனவர்கள். நான் அந்த இடத்திலேயே நின்று அழுதேன். அப்பாவின் சாவுக்கு அன்றுதான் முதன்முதலாக அழுதேன்.

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து நேரே அங்கே போவேன். அந்தச் சின்னப் பானை எனக்காக ஒவ்வொரு நாளும் கொதித்தது. பெரும்பாலான நாட்கள் அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. ஆனாலும் அவரும் என்னோடு இருந்து அதையே சாப்பிட்டார். நான் கேட்கவில்லை, அவராக எடுத்துக்கொண்ட விரதம் அது.

முப்பத்தோராம் நாள் கை நீட்டி, "ஃபாதர் பிக்சர்?" என்றார். என் பேர்சில் இருந்த ஒரே படத்தைக் கொடுத்தேன். நெற்றி நிறைய விபூதியோடு அப்பா. அக்கா அதைத் தன்னுடையவர்களின் நடுவில் வைத்து, முதல் கிண்ணத்தை அதன் முன்னால் வைத்தார். 'இடியப்பம் அவிக்கப் பஞ்சிப்பட்ட சோம்பேறி கண்டுபிடிச்ச சாமான்' என்று நூடில்ஸை நக்கலடித்த மனிதர் என் அப்பா. அன்றைக்கு ஆவி பறக்க அவருக்கு அதுதான் படையல். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

படத்தைத் திருப்பி எடுக்கப் போனபோது அவர் தட்டைத் தொட்டு, "ஃபாதர் ஹியர், ஓகே?" என்றார். எங்கள் அறையில் ஒரு விளக்கு வைக்கக்கூட இடமில்லை. ஓம் என்று தலையாட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு நான் உள்ளே நுழைந்ததும் அக்கா முழங்கைகளை அரைவாசி மட்டும் உயர்த்தி, என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். நான் செட்டை அடித்துக் காட்டினேன். பிறகுதான் அவரும் அடித்தார்.

எண்பத்தொன்பதில் நான் ஸ்காபரோவுக்கு மாறினேன். ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது அங்கே காலணிகள் அடுக்கிய ஒரு சப்பாத்துக் கடை இருந்தது. யாரைக் கேட்டும் அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

இப்போது அஜக்ஸில் என் வீட்டு ஹோலில் அப்பாவின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. திவசத்துக்கு ஐயர் வருவார், பத்துக் கறியோடு இலை போடுவோம், அது வருடத்துக்கு ஒரு நாள். ஆனால் அந்தச் சின்னப் படத்துக்கு முன்னால் இந்த நகரத்தின் ஏதோ ஒரு வீட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கிண்ணம் சூப் இருக்கும் என்று நான் நம்புகிறேன். நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட இந்த மனிதர் யார் என்று அக்காவின் பேரப்பிள்ளை கேட்கலாம். என் பெயர் அக்காவுக்கும் தெரியாது. முழங்கைகள் இரண்டையும் விலாவோடு சேர்த்து, இரண்டு தரம் அடித்துக் காட்டுவார்.